ராணிக்கம்மல்

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு நம்ம ஓடை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தேன். மீன்கொத்தி பார்த்தோம். ஒரு கீரி எங்களை முறைச்சுப் பார்த்துட்டு ஓடிச்சு.

கரையில அந்த ஊதாப்பூ. "ராணிக்கம்மல்!"னு இவ கத்தினதும், பக்கத்துல நின்ன வனக்காவலர் சிரிச்சிட்டார். அப்படி ஒரு பூவே கிடையாதாம். நீங்க சொல்லிக்கொடுத்த மத்த பேரையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒண்ணுகூட இல்லையாம்.

பத்து வருஷமா அடிச்சு விட்டிருக்கீங்க! சிரிக்கிறதா கோபப்படுறதான்னே புரியலை. "அப்பா வச்ச பேருதாம்மா நல்லா இருக்கு"ங்கிறா இவ.

வேலைக்குன்னு கிளம்பினப்போ மூணே மாசத்துல வந்துடுவேன்னு சொன்னீங்க. இது ஒன்பதாவது மாசம்.

அந்த மூணு மாசமும் ராணிக்கம்மல்தானா?

உங்க வீட்டுக்காரி