பெயர் வெட்டிய பீங்கான்

அக்கா,

இன்று மகள் கல்யாணத்துக்குத் தென்காசியில் பாத்திரம் எடுத்தோம். கடைக்காரர் குடத்தில் டக் டக்கென்று பெயர் வெட்ட ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகள் முறைத்தாள். கூடச் சிரிக்க நீங்கள் இல்லையே! நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

குற்றாலத்துச் சாரலில் நனைய ஜப்பானிலிருந்து வந்தவர், எங்கள் பக்கத்து வீட்டிலேயே பீங்கான் சூளை போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். சாரலில் மண் காயாது. காய்ந்தாலும் சூளையில் விரிசல் விடும். "இன்னிக்கும் போச்சுட்டி" என்று எங்கள் பேச்சிலேயே சொல்லியபடி என் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவீர்கள். நான்கு மாதம் போராடி ஒரே ஒரு வெள்ளைக் கிண்ணம் தேறியது. உங்கள் ஊர்க் கண்காட்சிக்குப் போகவேண்டியது. பொதிந்து வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள்.

அவ்வளவு தூரம் போகிற பாத்திரம், உங்கள் பெயர் இல்லாமலா? தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பீங்கான்ல வெட்டுனா தெறிச்சிரும்லா," என்றார் கடைக்காரர்.

"லேசா வெட்டுங்க அண்ணாச்சி. பேரு இல்லேன்னா தொலைஞ்சிரும்."

மூன்றாவது புள்ளியில் விளிம்பு பெயர்ந்து வந்தது. பஸ்ஸில் வீடு வரை அழுதேன்.

நீங்கள் திட்டவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினீர்கள். இரண்டு நாள் சொதிக்கும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல சிநேகிதத்தைக் கெடுத்துக்கொண்டேனே, பாவி என்று என்னை நானே வைதுகொண்டேன்.

மூன்றாம் நாள் உங்கள் குரல் வந்தது. "ஏட்டி செல்வி, இங்கன வா. கோவமாத்தான் இருந்துச்சு. பொறவு அந்த மூணு புள்ளியவே பாத்துட்டு இருந்தேன். உன் பேரை எழுதிக் காட்டு."

ஈரமான புதுக் கிண்ணத்தில் ஊசியால் புள்ளி புள்ளியாக என் பெயரைத் துளைத்தீர்கள். துளைகளில் கண்ணாடிப் பூச்சை நிரப்பிச் சுட்டீர்கள். வெயிலில் தூக்கிப் பிடித்தால் 'செல்வி' என்று வெளிச்சமாகத் தெரிந்தது. ஐயோ, அன்றைக்கு நாம் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது!

அதுதான் கண்காட்சிக்குப் போனது. அங்கே ஒருவர் அதை விலைக்குக் கேட்டு விடவே இல்லையாம். "பேரு வெட்டியாச்சு, இதுக்கு ஆளு இருக்கு" என்று சொல்லிவிட்டு, விமானத்தில் மடியில் வைத்தே கொண்டுவந்தீர்கள். பிறகு பால்காரர், ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர் பெயரெல்லாம் கிண்ணத்தில் ஏறி ஜப்பான் போனது. அந்தப் பெருமை அவர்களுக்கு இன்னும் இறங்கவில்லை.

எனக்குக் காலைக் காப்பி இன்றும் அந்தக் கிண்ணத்தில்தான். கழுவும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். உடைத்தவள் கையிலேயே திரும்பவும் கொடுத்தீர்களே, அக்கா.