மாலை போட்ட மோட்டார்

ஜூலை 18, வெள்ளி

காலையிலிருந்து தூறல். பட்டறை இருக்கும் அடுகோடியில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செருப்பு ஊறிப்போனது.

இன்று புது மோட்டாருக்கு ஹீட் ரன். முழுப் பளுவில் ஓடவிட வேண்டும், சூடு ஏறி ஓரிடத்தில் நிற்கும் வரை. புது விதிப்படி கரண்டைக் குறைவாகக் குடிக்கும் ரகம் மட்டும்தான் விற்கலாம். எங்கள் பழைய ரகம் இனி செல்லாது. ஆகவே எங்கள் இன்ஜினியர் பிரபு வரைந்த இது தேறினால் பட்டறை. தேறாவிட்டால் பூட்டு.

ஆடி முதல் வெள்ளி வேறு. முதலாளி வீட்டம்மா வந்து மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், பின்பக்கம் கனமாக ஒரு சேவந்தி மாலை. எல்லாரும் கும்பிட்டோம். நானும்தான். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

என் வேலை, உட்கார்ந்து சூட்டைக் குறிப்பது. சோம்பேறிக்கென்றே செய்த வேலை என்பாள் அம்மா. தகரக் கூரையில் மழை, எதிரே மோட்டாரின் முனகல், சூடேறிய சேவந்தி வாசனை. கண் சொக்கியது. இந்த மோட்டார் எங்கே போகும்? ஏதாவது ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற்றலாம். நாலாவது மாடியில் யாரோ குழாயைத் திறந்து முகம் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் சில்லென்று என் முகத்திலேயே பட்டது போலிருந்தது.

"ஸ்டெல்லா! மீட்டரைப் பாரு!" பிரபு.

சூடு நிற்கவேயில்லை. எல்லையைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனது. நிறுத்திவிட்டோம். பிரபு சுவரில் சாய்ந்து நின்றான். பாவம், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனி

மழை இல்லை, வெயிலும் இல்லை.

முதலாளி, மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பெண்களிடம்: "திங்கக்கிழமையிலேர்ந்து வராதீங்கம்மா. வேலை இருந்தா சொல்லி அனுப்புறேன்."

புஷ்பா அக்கா மட்டும் கிளம்பும்போது என்னிடம் வந்தாள். "நிஜமாவே அது தேறாதா ஸ்டெல்லா?" அவள் சம்பளத்தில்தான் அந்த வீடே ஓடுகிறது.

வாங்க வேண்டியது: பால், அம்மாவுக்குத் தைலம். இரண்டையும் மறந்தேன். ஸ்டாப்பையும் விட்டுவிட்டு எங்கோ போய் இறங்கினேன்.

ஞாயிறு

காலைப் பூசை. ஃபாதர் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன். சுரூபத்துக்குச் சாத்திய மாலையிலிருந்து இதழ்கள் ஒவ்வொன்றாகப் பறந்து, ஃபேனின் பின்வலையில் போய் ஒட்டிக்கொண்டன. காற்றைப் பின்னாலிருந்துதானே இழுக்கிறது! மஞ்சள் இதழ்கள். அழகாக இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ.

"அட, மோட்டாரும் அப்படித்தானே!" வாய்விட்டே சொல்லிவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள். இன்னும் வலிக்கிறது.

திங்கள்

காயில் மேசைகள் எல்லாம் காலி. பார்க்கவே என்னவோ போல.

பிரபுவை இழுத்துக்கொண்டு போய் மோட்டாரின் பின்மூடியைக் கழற்ற வைத்தேன். உள்ளே வதங்கிய சேவந்தி, அடை அடையாக. காற்று போகும் ஓட்டைகள் மேல்தான் மாலையே உட்கார்ந்திருக்கிறது.

பிரபு தலையில் அடித்துக்கொண்டான். "பழைய மோட்டார்ல பெரிய ஃபேன். மாலை இருந்தாலும் காத்தை இழுத்துடும். கரண்டு மிச்சமாகட்டும்னு இதுல நான்தான் ஃபேனைச் சின்னதாக்கினேன்."

இத்தனை வருடமாக எல்லா மோட்டாருக்கும் அங்கேதான் மாலை. வெள்ளிக்கிழமையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம்? சாமிக்குப் போட்டது அடைப்பு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதலாளி வீட்டம்மாவிடம் யார் சொல்வது? பிரபு என்னைப் பார்க்கிறான். நானோ வேதக்காரி. சாமி மாலையைக் குறை சொல்ல நானா கிடைத்தேன்? போய்ச் சொல்லிவிட்டேன்.

வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அய்யய்யோ, அது மூக்கைப் பொத்திட்டேனாடி நான்?" உள்ளே திரும்பி முதலாளியிடம் கன்னடம் கலந்து ஒரு கத்தல். "ஏன்ரீ! நாளைக்கே மறுபடி ஓட்டுங்க!"

செவ்வாய்

மறுபடி தூறல். புது மாலையை வீட்டம்மாவே சுவரிலிருக்கும் சாமி படத்துக்குப் போட்டாள்.

ஓடியது. பயத்திலும் எனக்குக் கண் சொக்குகிறது, என்ன ஜென்மமோ. முனகல் தரை வழியாக உள்ளங்காலில் ஏறிக் கூசியது. சூடு ஏறியது. மெதுவானது. எல்லைக்குக் கீழேயே நின்றது. நின்றேவிட்டது! முதலாளி நம்பாமல் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"எல்லாரையும் வரச் சொல்லும்மா" என்றார்.

முதல் போன் புஷ்பா அக்காவுக்கு. "அக்கா, தேறிடுச்சு."



"நாளைலேர்ந்து ஒரு வீட்ல பாத்திரம் தேய்க்க வரேன்னு ஒத்துக்கிட்டேனேடி. இப்ப அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை.

"என்ன வேணா சொல்லுக்கா. நாளைக்குக் காலைல உன் மேசைல நீ இருக்கணும்."