மூன்றாவது நன்மை: மணல்

மச்சான்,

காலையிலிருந்து நினைப்பு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆகவே எழுத வேண்டியவற்றை முதலில் வரிசையாகப் போட்டுக்கொள்கிறேன்.

1. உன் மனைவி, என் தங்கை, இன்று கொண்டுவந்து கொடுத்த மணல் புட்டி.
2. நீ சுமத்ராவுக்குப் போகுமுன் நான் எழுதித் தந்த தாள்: நன்மை மூன்று, ஆபத்து நான்கு.
3. உன் இருமல்.

மூன்றாவதுவரை போவேனா, தெரியவில்லை.

பழைய மருந்துப் புட்டி. உள்ளே ரவை போன்ற வெள்ளை மணல், ஒவ்வொன்றும் உருண்டை. சுமத்ராவிலிருந்து நீ கொண்டுவந்தது. அலமாரியை ஒழித்தபோது அகப்பட்டதாம்.

"அண்ணே, இத வீசிரவா? நீங்க எழுதுன தாளும் கூடவே இருந்துச்சு."

இரண்டையும் வாங்கிக்கொண்டேன். அவள் போனபின் மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினேன்.

ஈய விலை விழுந்து சிம்பாங் பூலாய் ஈயச் சுரங்கங்கள், நம் லம்பங்கள், ஒவ்வொன்றாய் மூடிய வருடம் அது. லம்பத்தில் நீ நீர்க்குழாய் பிடித்தவன். மண்மேட்டைத் தண்ணீரால் அடித்துக் கரைப்பது உன் வேலை. அது போனதும் இரண்டு மாதம் வீட்டில் இருந்தாய். பிறகு எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஆள் சேர்த்தவர் தந்த ஆங்கிலப் புத்தகத்தோடு, தங்கையையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாய். நான் வக்கீல் ஆபீஸில் கிராணி, குமாஸ்தா. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நம்பிக்கை.

"லம்பத்துல தண்ணியடிச்சு மண்ண உடைச்சேன். அங்க தண்ணியடிச்சுப் பாறைய உடைக்கணும். ஒரே வேலதான் லா, மச்சான்."

"இவரு தண்ணியடிச்சா வீடுதாண்ணே உடையும்."

நீதான் அதிகம் சிரித்தாய். பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: "நீங்க படிச்சுப் பாருங்கண்ணே. நீங்க போலாம்னா போகட்டும்."

இரண்டு நாள் படித்தேன். எண்ணெய் பாறைக்குள் அடைபட்டிருக்கும். தண்ணீரையும் ரசாயனத்தையும் பெரும் அழுத்தத்தில் கிணற்றுக்குள் செலுத்தினால் பாறை விரியும். கூடவே போகும் மணல் உள்ளேயே நின்று விரிசலை மூடவிடாது. நன்மைப் பக்கத்தில் எழுதினேன்: ஓய்ந்த கிணறு மறுபடி ஊறுவதால் வேலை நிலைக்கும், சம்பளம் நல்லது, மூன்றாவதாக, 'மணலும் தண்ணீரும் பழகியவை, பயமில்லை.' ஆபத்துப் பக்கத்தில்: குழாய் வெடிக்கலாம், வாயு தீப்பிடிக்கலாம், ரசாயனம் பட்டால் தோல் புண்ணாகும், திரும்பி வரும் அழுக்குத் தண்ணீர் ஊர்க் கிணறுகளில் கசியலாம். அடியில் 'போகலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நான் துணிந்து போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

நீ போனாய். தங்கை வீட்டுக்குக் கல்சுவர் வந்தது. அதை மறுக்க முடியாது. கிணற்று நீரில் எண்ணெய் வாடை வருவதாக அந்த ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள், உங்கள் வேலையால்தானா என்று யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். என் நான்காவது ஆபத்து சரியாக இருக்கிறதே என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அதே கடிதத்தின் கீழே எழுதியிருந்தாய்: "மணல் மூட்டைய அறுத்துக் கொட்டுறப்ப வெள்ளையாக் கெளம்பும் மச்சான். சாயங்காலம் எல்லாரும் பவுடர் பூசுன மாப்பிள்ளைங்கதான்." அந்த வரியைத் தங்கைக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டிச் சிரித்தேன்.

லம்பத்து மணல் எப்போதும் ஈரம். உலர்ந்த மணல் என்று ஒன்று இருப்பதும் அதன் தூசி நெஞ்சில் படியும் என்பதும் எனக்குத் தோன்றவேயில்லை.

நீ திரும்பி வந்து சில வருடங்களில் இருமல் பிடித்தது, படியேற மூச்சு போதவில்லை. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "கல்தூசியில வேல செஞ்சாரா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், தண்ணி வேல" என்று முந்திக்கொண்டு பதில் சொன்னவன் நான். நீ என்னைப் பார்த்தாய். சிகரெட்டும் காரணமாக இருக்கலாம் என்றார் அவர். நீ இறந்தபிறகு அந்த 'இருக்கலாம்' என்பதைத்தான் இத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றும் எந்தத் தாள் வந்தாலும், "அண்ணே, நீங்க பாத்துச் சொன்னாச் சரி" என்று தங்கை என்னிடம்தான் வருகிறாள். நாளை வந்து இந்தத் தாளைத் திருப்பிக் கேட்பாள். புட்டி என்னிடமே இருக்கட்டும். தாளை மட்டும் அவளிடம் கொடுத்து, இதுவரை சொல்லாததைச் சொல்ல வேண்டும்.

பேனாவை எடுத்து நன்மைப் பக்கத்தில் ஒரு வரியை அடித்தேன். எதிர்ப்பக்கத்தில் ஐந்தாவதாக 'மணல்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது நன்மை தவறு, மச்சான்.