வைத்திக்குப்பத்தில் நடந்து பார்த்த வாரம்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் மூடுபனி. கடல் இருப்பது சத்தத்தில்தான் தெரிந்தது.

வைத்திக்குப்பம் வீட்டைத் திறந்தாயிற்று. பெரியம்மா மகன் வின்சென்ட்டின் வீடு. அவர் பிரான்சில், வருஷத்தில் ஒரு மாதம் வந்து தங்குவார். ஓர் அறை, சமையலறை, கடலைப் பார்த்த சின்ன வராந்தா. தொட்ட இடமெல்லாம் உப்புப் பிசுக்கு. கூட்டித் துடைத்ததில் பாதி நாள் போயிற்று. வாங்க வேண்டியது: கொசுவத்தி, எலுமிச்சை, அவருக்குச் சர்க்கரை போடாத பிஸ்கட்.

அவர் என்றால் இருதயராஜ். கல்யாணம் ஆகி இன்னும் மூன்று வாரம் முடியவில்லை. எனக்கு நாற்பத்தைந்து, அவருக்கு ஐம்பது. இருவருக்கும் இதுதான் முதல் கல்யாணம். அவர் விழுப்புரத்தில் அரசுப் பள்ளி இயற்பியல் வாத்தியார். நான் லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில். சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்குவதற்குள் ஒரு வாரம் லீவு. ஊட்டிக்குப் போங்கள் என்றார் அண்ணன். இவர்தான், "கடலோரமா தெனம் நடக்கலாங்க. சுகருக்கும் நல்லது" என்றார்.

அண்ணி: "நெல்லித்தோப்புலேருந்து வைத்திக்குப்பத்துக்கு ஹனிமூன் போற மொத ஆளு நீதான் ஜெசிந்தா."

சொல்லட்டும். இரண்டும் புதுச்சேரிக்குள்ளேயேதான். ஆனாலும் வராந்தாவில் உட்கார்ந்தால் இது என் ஊர் மாதிரியே இல்லை.

ஒன்றை மட்டும் இருவரும் தொடுவதில்லை. இந்த வாரம் முடிந்ததும் எங்கே குடியிருப்பது? அவருடையது தமிழ்நாட்டு அரசு வேலை, என்னுடையது புதுச்சேரி அரசு. இங்கிருந்து அங்கே மாற்றல் கிடையாது. பேசினால், யார் வேலையை விடுவது என்பதில் வந்து நிற்கும். அதனால் ரசத்துக்குப் பருப்பு போடலாமா கூடாதா என்று பேசினோம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி இல்லை. இதமான காற்று.

முதல் நடை தெற்கே. குருசுக்குப்பம் வழியாக பீச் ரோடு, கலங்கரை விளக்கம் வரை. நடந்தோம் என்று எழுதுகிறேன், உண்மையில் அவர் நடந்தார், நான் பின்னால் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடப்பது போல. திரும்பிப் பார்க்கவே இல்லை. சுண்டல் வாங்க நின்றேன். சட்டை மட்டும் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. கோபம். கடைசியில் போய்ச் சேர்ந்தபோது, "எங்க போயிட்டீங்க?" என்று என்னைக் கேட்கிறார்!

"நான் போகலிங்க. நீங்கதான் போனீங்க."

முகம் வாடிவிட்டது. "தனியாவே நடந்து பழகிடுச்சுங்க" என்றார். நானும் அப்படித்தானே இருந்தேன். சுண்டலில் பாதி அவருக்கு.

காதில் விழுந்தது, தொப்பி போட்ட இரண்டு பெரியவர்களில் ஒருவர் பிரெஞ்சில் நன்றி சொல்லி மறுத்தது: "மெர்சி, மெர்சி, எனக்கு வடை வேணாம். சுகர் எறங்கவே மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே வடையை எடுத்தார்.

திரும்பும்போது படகு பக்கத்தில் சங்கரா மீன். விற்கிற அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்து, "புதுசா கல்யாணம் ஆனவங்களா? தாலி பளபளன்னு கீதே" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லதும்மா. இந்த வயசுல சண்டை போட தெம்பு இருக்காது."

மீன் வறுத்தது அவர். நான் வறுப்பதைவிட நன்றாக. சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

காலம் தப்பிய தூறல். நடை இல்லை. துணி காயவில்லை.

மத்தியானம் அவர் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தார், அவருடைய அக்காவிடம். நான் உள்ளே பூண்டு உரித்தபடி. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அவங்கள வேலைய விடச் சொல்லி நான் கேக்க மாட்டேன்க்கா. இது அவங்க ஊரு. நீயும் கேக்காத."

முதலில் நிம்மதி. பூண்டு உரித்து முடிப்பதற்குள் பயம். அப்படியென்றால்? சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிற புருஷனா? இத்தனை வருஷம் காத்திருந்தது அதற்கா? கேட்கத் தைரியம் இல்லை. குழம்பில் உப்பு அதிகம். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எரிச்சல்.

பிப்ரவரி 12, வியாழன்

பளிச்சென்று வெயில். எழுத நிறைய.

இன்று வடக்கே. சோலை நகர் தாண்டியதும் திரும்பலாம் என்றேன். "இன்னும் கொஞ்சம் போலாங்க." கொஞ்ச தூரம் போனதும், மறுபடி இன்னும் கொஞ்சம். கோட்டக்குப்பமே வந்துவிட்டது. அங்கே புதுச்சேரி முடிந்து விழுப்புரம் மாவட்டம் தொடங்குகிறது. கரையில் மணலே இல்லாத இடம். அலையைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான். ரோட்டுக்கு ஏறிப் போகலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் கல்மேல் கால் வைத்தாயிற்று. பாசி. வழுக்கி விழுந்தார். ஒரு கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பெரிய அலை ஒன்று வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது.

"யோவ்! அசையாத! சொன்னா கேக்க மாட்டியா? லூசா நீ?"

கத்தியது நான்தான். என் குரல் என்று பிறகுதான் தெரிந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கல்லை நெம்ப, இன்னொருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். எலும்பு உடையவில்லை. கணுக்கால் வீக்கம். அவர் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறார்.

"இன்னா சிரிப்பு?"

"நீன்னு சொன்னீங்க. நல்லா இருந்துச்சு."

கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டி வந்தேன். டீக்கடை. எதிரே ஒரு பள்ளிக்கூடம். ஏதோ வகுப்பில் பாடத்தை ஒன்றாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் டீயைக் குடிக்காமல் கேட்டையே பார்த்தார். பிறகு மெல்ல:

"இதப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் நடந்தேன். இங்க பிசிக்ஸ் வாத்தியார் மே மாசம் ரிட்டயர்டு ஆறாரு. இது எங்க மாவட்டம், மாத்தல் கேக்கலாம். இங்கேருந்து உங்க காலேஜ் பக்கம்தான்."

இந்த நடை, இந்த வீடு, சுகருக்கு நல்லது, எல்லாம் இதற்குத்தானா?

"இத மொதல்லயே சொல்லி இருக்கலாம்ல?"

"மேப்ல கிட்டக்க தெரியுது. மேப்ப நம்பி ஒருத்தரக் குடித்தனத்துக்குக் கூப்ட முடியுமா? அதான் நடந்து பாத்தேன். அதுவும் கெடைக்குமான்னு தெரியாது. ஆசைய காட்டிட்டு இல்லன்னு ஆயிட்டா?"

"நான் நேத்துலேருந்து வேற மாதிரி நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"என்னான்னு?"

ஆட்டோவுக்குக் கை காட்டினேன். வீடு வந்தோம். டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவரைத் தாங்கியதில் நனைந்த சேலையோடுதான் இன்னும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

வெயில், லேசான காற்று. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. அவருக்கு ஓய்வு.

நான் மட்டும் நடந்தேன், பீச் ரோடு வரை. மருந்துக் கடையில் கணுக்கால் பட்டை. தனியாக நடப்பது எனக்குப் பிடித்த விஷயம்; இன்றும் பிடித்தது. ஆனால் நுரையில் ஒரு நாய் தலைகீழாகப் புரண்டதைப் பார்த்ததும் இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை சேர்க்க ஆரம்பித்தேன். இந்தப் பழக்கம் எப்போது வந்தது?

மீன்காரம்மா: "வூட்டுக்காரரு எங்க? அதுக்குள்ள சண்டையா?"

வந்தால், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு காபி போட்டு வைத்திருக்கிறார். திட்டினேன். காபி நன்றாக இருந்தது. இந்த முறை சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து பேசினோம், முதல் தடவையாக. முத்தியால்பேட்டையில் வீடு பார்த்தால் எனக்கு லாஸ்பேட்டை கிட்ட, அவருக்குக் கோட்டக்குப்பமும் கிட்ட. மாற்றல் கிடைக்கவில்லை என்றால்?

"ட்ரெயின் இருக்குதுங்க. நான் போயிட்டு வருவேன்."

"தெனமுமா?"

"வீட்டுக்கு வர்றதுக்குத்தானே."

எழுந்து போய்க் கொடியைத் தொட்டுப் பார்த்தேன். துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

பிப்ரவரி 14, சனி

மறுபடி பனி. பெட்டி கட்டியாயிற்று. வின்சென்ட்டுக்கு போன். தூக்கக் கலக்கத்தில், "பொன்ஜூர், கேஸ மூடிட்டியா?" என்றார். மூடிவிட்டேன்.

சாயந்தரம் முத்தியால்பேட்டையில் ஒரு வீடு பார்த்தோம். அண்ணி விசாரித்துச் சொன்னது. மாடி. படி கொஞ்சம் செங்குத்து. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. வீட்டுக்கார அம்மா பார்த்தார். பார்க்கட்டும். இரண்டு அறை. சமையலறை ஜன்னல் சரியாக மூடவில்லை. தண்ணீர் நல்ல தண்ணீராம்.

"எப்ப வர்றீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

இவர் இழுத்தார். "ஜூன் மாசம்ங்க. மாத்தல் ஆர்டர் வந்துடுச்சுன்னா..."

"செவ்வாக்கெழம வந்துடறோம்மா" என்றேன் நான். பிறகு இவரிடம், "ஆர்டர் அது பாட்டுக்கு வரட்டும். நீ மொதல்ல வா."