கை தூக்குகிற அணி

திண்டுக்கல்,
17.8.2025

அன்புள்ள கௌசல்யாவுக்கு,

ஹுஸ்னா எழுதுவது. எந்த ஹுஸ்னா என்று மட்டும் கேட்டுவிடாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். நலமா? இங்கே நானும் என் வீட்டுக்காரர் இஷாக்கும் மகள் ஷப்னமும் நலம். உன் போனுக்கு ஏழு முறை அடித்தேன். நீ எடுக்கவில்லை. ரயில்வேக்காரிக்குத் தபால் போனால் வாங்கித்தானே ஆகவேண்டும் என்று பொன்மலை ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

2007-இல் மாநில ஹாக்கி ஃபைனல் தோற்றுத் திரும்பியபோது, பஸ்ஸில் என் பக்கத்திலிருந்து எழுந்து முன் சீட்டுக்குப் போனாய். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. பதினெட்டு வருஷம் ஆயிற்று. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. ஒரு உதவி கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் வேடசந்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஆறு வருஷமாக ஹாக்கி அணி நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு எரியோடு, அகரம் பக்கம்தான் ஊர். அம்மாக்கள் பாதிப்பேர் நூல் மில்லில் வேலை பார்க்கிறார்கள். மில் பஸ் வந்தால்தான் சிலருக்கு வீட்டுக்குப் போக வழி. நன்றாக ஆடுகிறார்கள் கௌசி. மூன்று தடவை மண்டலப் போட்டியில் ஃபைனல் வரை போனோம். மூன்றிலும் தோற்றோம்.

பள்ளிக் கமிட்டித் தலைவர் சகாயராஜ் சார் போன வாரம் கூப்பிட்டு, "டீச்சர், ஆறு வருசம் பாத்தாச்சு. இந்த வருசமும் கப்பு வரலைன்னா கிரவுண்ட்ல பஸ் ஷெட் போட்ருவோம்" என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பள்ளி பஸ்கள் வெயிலில் காய்வது அவர் கவலை. மைதானம் போனால் என் அணியும் போச்சு.

எங்களுக்குப் பெனால்டி கார்னர் அடிக்கத் தெரியவில்லை. நீ இந்தியா கேம்ப் வரை போனவள். ஒருநாள் வந்து சொல்லித் தரமுடியுமா? வர மனமில்லையென்றால் எழுதியாவது அனுப்பு.

ஒரு விஷயம், நீ சிரிப்பாய். பயிற்சியில் மைதானத்தின் இரண்டு பக்கமும் தனித்தனி ஆட்டம் நடக்கும். என்னிடம் இருப்பது ஒரே விசில். பந்து காலில் பட்டால் ஃபவுல்தானே, அதனால் யார் காலில் பட்டதோ அவளே கை தூக்கிவிட வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரு ஏற்பாடு செய்தேன். இப்போது பழகிப்போய்ப் போட்டியிலும் தூக்குகிறார்கள். நடுவர் விசில் ஊதும் முன்பே கை மேலே போய்விடும். வெளியூர்க்காரர்கள் எங்களைக் 'கைதூக்கி டீம்' என்கிறார்கள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்னோடு வலது பக்கம் ஓடிய,
ஹுஸ்னா

~

திருச்சி,
28.8.2025

ஹுஸ்னாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு நாள் பிரிக்காமல் மேஜையில் வைத்திருந்தேன்.

நான் வரமாட்டேன். பெனால்டி கார்னர் பற்றித் தனித்தாளில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். பந்தைத் தள்ளுகிறவளுக்கும் நிறுத்துகிறவளுக்கும் தினமும் நூறு தடவை கொடு. அடிக்கிறவள் யார் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் சீட்டைப் பற்றி எழுத வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுதியிருக்கிறாய். நானும் எழுதுகிறேன். ஒன்றுக்கு ஒன்று சமன், கடைசி இரண்டு நிமிடம். நீ கோல் அடித்தாய், நடுவர் கோல் என்றார். நாங்கள் கட்டிப்பிடிக்க ஓடி வந்தால் நீ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய், "என் ஷூவில் பட்டது சார்" என்று. கோல் போச்சு. பிறகு பெனால்டி ஸ்ட்ரோக்கில் கப்பும் போச்சு. ஜெயித்த அணியில் ஐந்து பேரை அந்த வருஷமே விளையாட்டு விடுதியில் எடுத்துக்கொண்டார்கள். நான் கேப்டன். எனக்கு இடமில்லை. மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கல்யாணப் பேச்சைத் தள்ளிக்கொண்டு, அப்புறம்தான் இந்த வேலை. நல்ல டீமாக இருந்தோம் என்று எங்கே போய்ச் சொல்வது? எந்த விண்ணப்பத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

கேட்டதால் சொல்கிறேன். கப் இல்லாத அணி ஜெயித்த அணி ஆகாது. பிள்ளைகளிடம் கை தூக்குவதை நிறுத்தச் சொல். பார்ப்பது நடுவர் வேலை. பஸ் ஷெட் வந்த பிறகு உன் பிள்ளைகள் கையைத் தூக்கி என்ன பிரயோஜனம்?

கௌசல்யா

~

திண்டுக்கல்,
19.10.2025

அன்புள்ள கௌசி,

நாளை தீபாவளி. உன் வீட்டில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்.

நீ போட்டு அனுப்பிய பெனால்டி கார்னர் படத்தை மைதானத்துச் சுவரில் ஒட்டினோம். ஐந்து ஆட்டத்தில் பெனால்டி கார்னரில் மட்டும் ஆறு கோல். ஃபைனலுக்கு வந்துவிட்டோம். மழையும் பண்டிகையும் சேர்ந்துகொண்டதால் ஃபைனலை நவம்பர் முதல் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள், மதுரையில்.

இவ்வளவும் சந்தோஷமாக எழுத வேண்டிய சேதி. ஆனால் அப்படி எழுத வரவில்லை.

நீ சொன்னதைச் செய்தேன். செமி ஃபைனலுக்கு முன்னால் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, "இன்னைக்கு யாரும் கை தூக்க வேணாம். விசிலடிச்சா நில்லுங்க, இல்லைன்னா ஓடுங்க" என்றேன். சௌந்தர்யா என்று ஒரு பிள்ளை, முன்வரிசை ஆட்டக்காரி, குடகனாற்றுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது அவள்தான் கோல் அடித்தாள். பந்து அவள் குதிகாலில் பட்டுத்தான் நின்றது. நான் பார்த்தேன். நடுவர் பார்க்கவில்லை. அவள் கை தோள் வரை வந்தது, என் பக்கம் திரும்பினாள், கையை இறக்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம்.

வேனில் ஏறியதும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இஷாக் வாங்கிக் கொடுத்துவிட்ட பரோட்டாப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. வாடிப்பட்டி தாண்டியதும் சௌந்தர்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டீச்சர், நம்ம இப்ப ஜெயிச்சிட்டமா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை கௌசி. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. "செத்த நேரம் தூங்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். வெட்கமாக இருந்தது.

ஃபைனலில் என்ன சொல்லட்டும்? மைதானத்தை நினைத்தால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, அவள் முகத்தை நினைத்தால் வேறு சொல்லத் தோன்றுகிறது. நீ கேப்டனாக இருந்தவள். சொல்.

ஹுஸ்னா

~

திண்டுக்கல்,
4.11.2025

அன்புள்ள கௌசல்யாவுக்கு,

தினமும் தபால்காரரைக் கேட்டேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை, நானே முடிவெடுத்தேன்.

ஃபைனலுக்கு முந்தின நாள் பிள்ளைகளிடம், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பழையபடியே ஆடுங்க" என்றேன். சிரித்தார்கள் பார், செமி ஃபைனல் ஜெயித்தபோது கூட அப்படிச் சிரிக்கவில்லை. போட்டி நடத்துகிறவர்களிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். "ரிசல்ட் எழுதியாச்சு மேடம், இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

சௌந்தர்யாவுக்கு அது போதவில்லை. செமி ஃபைனலில் எங்களிடம் தோற்ற அணி மூன்றாம் இடத்துக்கு ஆட ஃபைனலன்று காலை மதுரைக்கு வந்திருந்தது. நேரே அவர்கள் கேப்டனிடம் போனாள். "அன்னைக்கு என் கால்ல பட்டுச்சு, நான் சொல்லல" என்றாள். அந்தப் பிள்ளை, "எங்களுக்கும் சந்தேகமாத்தேன் இருந்துச்சு. ஆனா கைதூக்கி டீம்ல கை தூக்கலைன்னா பட்டிருக்காதுன்னு நாங்களே விட்டுட்டோம்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆறு வருஷத்தில் நாங்கள் சம்பாதித்தது என்னவென்று அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. அதை ஒரே பேச்சில் நான் தொலைக்கப் பார்த்தேன் என்பதும் தெரிந்தது. சௌந்தர்யா அழுதாள். அந்தப் பிள்ளை தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஃபைனலில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். நான்கு தடவை கை தூக்கினார்கள். திரும்பும்போது வேனில் பாட்டு, கூச்சல், வாடிப்பட்டி வருவதற்குள் பரோட்டா காலி. டிரைவர் பொம்மையன் அண்ணன், "ஏத்தா, நீங்க தோத்தீகளா ஜெயிச்சீகளா?" என்று குழம்பிப்போனார்.

பதினான்காம் தேதி கமிட்டிக் கூட்டம். சகாயராஜ் சாரிடம் காட்ட என்னிடம் கப் இல்லை. மைதானம் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பதில் போடாவிட்டாலும் உன் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கமாட்டேன்.

ஹுஸ்னா

~

திருச்சி,
9.11.2025

அன்புள்ள ஹுஸ்னா,

பதில் போடவில்லைதான். நேரில் வந்தேன். நவம்பர் ஒன்றாம் தேதி மதுரை மைதானத்தில் கடைசிப் படியில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முன்னால் வரத் தைரியம் இல்லை.

முதல் பாதியில் உன் இடது பக்கப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள். நடுவருக்கே தெரியவில்லை, விசிலை வாயில் வைத்துக்கொண்டு விழித்தார். எனக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. பக்கத்திலிருந்த அம்மா, "உங்க புள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை எழுதாமல் விட்டால் என்னால் இனி முடியாது. 2007-இல் பந்து உன் ஷூவில் பட்டதை நான் பார்த்தேன். உனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். கேப்டன் நான். சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை. நீ சொன்னாய். என் கோபம் கப் போனதால் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் எழுதினேன். உண்மை அதில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது ஞாபகம் வரும். அதனால்தான் முன் சீட்டுக்குப் போனேன்.

கப் இல்லாத அணி ஜெயித்த அணி ஆகாது என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடு. பிற்பாடு எனக்கு நான்கு கப் கிடைத்தது, அலமாரியில் இருக்கிறது. எந்த ஆட்டம் யாரோடு என்று கேட்டால் யோசிக்க வேண்டும். நாம் தோற்ற அந்த அணியில் பதினாறு பேர் பெயரும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

மன்னித்துவிடு. கமிட்டியில் என்ன ஆனாலும் எனக்குத் தெரியப்படுத்து. எங்கள் கிளப்பில் கோல்கீப்பர் பேடு இரண்டு செட் சும்மா கிடக்கிறது. உன் கோல்கீப்பர் கட்டியிருப்பதைப் பார்த்தேன், பாவமாக இருக்கிறது.

உன் கௌசி

~

திண்டுக்கல்,
16.11.2025

என் கௌசிக்கு,

முதலில் சேதி. மைதானம் நம்முடையது!

கூட்டத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை ஒரு கட்டு விண்ணப்பத்தோடு வந்தார். இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுடையது. 'இந்தப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற இடத்தில் இருபத்தொரு பேர் வீட்டில் ஹாக்கி என்று எழுதியிருக்கிறார்கள். கருப்பாயி என்று ஒரு மில் தொழிலாளி, 'இங்க படிச்சா எம்மக பொய் சொல்லாம வளரும்னு அக்கா மக சொல்லுச்சு' என்று எழுதியிருக்கிறார். பக்கத்துப் பள்ளிகளெல்லாம் பிள்ளைகள் இல்லாமல் திண்டாடுகிற காலம். சகாயராஜ் சார் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "கப்பு வரல. ஆனா புள்ளைக வருதுகளே டீச்சர்" என்றார். பஸ் ஷெட் கிணற்றுப் பக்கத்து மூலைக்குப் போகிறது.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். மூன்று தடவை படித்தேன். நீ பார்த்தாய் என்பது எனக்கு அன்றைக்கே தெரியுமடி.

கோல் விழுந்ததும் நான் முதலில் திரும்பிப் பார்த்தது உன்னைத்தான். பயந்துபோய் நின்றிருந்தேன், என்ன செய்வதென்று புரியவில்லை. உன் ஸ்டிக் கீழே கிடந்தது, உன் வலது கை தோள் வரை எழுந்திருந்தது. கேப்டன் தூக்கச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் நான் என் கையைத் தூக்கினேன். அதற்குள் நீ இறக்கிவிட்டாய் போலிருக்கிறது. நான் நடுவர் பக்கம் திரும்பிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டு ஏன் கோபித்துக்கொண்டாய் என்பதுதான் பதினெட்டு வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்தது.

ஆகவே இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது உன்னிடம் கற்றதுதான். மன்னிப்பு கேட்க வேண்டுமென்றால் தொப்பி போட்டு ஒளிந்துகொண்டதற்குக் கேள். என் ஃபைனலுக்கு வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாயே!

இருபத்துமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வா. பேடு இரண்டு செட்டையும் மறக்காதே. ஸ்டேஷனுக்கு இஷாக்கும் ஷப்னமும் வருவார்கள். மதியம் என் வீட்டில் சாப்பாடு. சௌந்தர்யாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். படம் போட்டு அனுப்பிய கேப்டன் அக்கா வருகிறார்களா என்று தினமும் கேட்கிறாள்.

திரும்பி ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் நானும் திருச்சி வரை வருகிறேன். உன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருவேன், எழுந்து போகக் கூடாது.

ஹுஸ்னா