வாங்காத பணத்துக்கு மிச்சம் என்று பேர்

செப்டம்பர் 18, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மேற்கே மேகம், வழக்கம்போல ஏமாற்று. நாற்றங்காலுக்கு விதை வாங்க டிப்போவுக்குப் போனேன். முழு விலை. முன்பெல்லாம் மானியத்தைக் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். இப்போது முழுசாகக் கட்டு, விண்ணப்பம் போடு, மானியம் வங்கிக் கணக்கில் வரும். சீர்திருத்தமாம். என்னைத் திருத்த என் பெண்டாட்டி செல்வியாலேயே முடியவில்லை, இவர்கள் வந்துவிட்டார்கள்.

விண்ணப்பம் போட அண்ணன் கையெழுத்து வேண்டும். கூட்டுப் பட்டா. அண்ணனோடு பேச்சு இல்லை. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பேரை சம்பந்தியின் ஒன்றுவிட்ட மச்சானுக்குக் கீழே போட்டார். அதோடு சரி. போன வருஷம், "அந்த மானியக் காசே எனக்கு வேணாம்" என்று டீக்கடையில் நாலு பேர் காதில் விழச் சொன்னேன். ஜமீன்தார் மாதிரி இருந்தது. டீக்குக் கடன் சொல்லிவிட்டு வந்தேன்.

வாங்க: ஃபியூஸ் கம்பி, செல்விக்கு இருமல் மருந்து, கொசுவத்தி.

புரட்டாசி பிறந்து ரெண்டு நாள். மீன் கிடையாது. இன்னும் ஒரு மாதம் கத்தரிக்காய் முகத்தில் விழிக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

மகள் பவானி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. விவசாய ஆபீசில் அவளுக்கு கம்ப்யூட்டர் வேலை, காண்ட்ராக்ட். விவசாயிகள் கொடுக்கும் விண்ணப்பங்களை ஏற்றுவாள். இந்த வீட்டில் மாதம் பிறந்தால் நிச்சயமாக வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். என் நெல் வந்தால் உண்டு.

"இந்த மாசத்தோட முடியுதுப்பா. நீட்டிக்கலையாம்."

"ஏன்? நீ என்ன தப்பு பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல. போன வருசம் மானியத்துக்கு ஒதுக்குன பணம் சரியா செலவாகல. வாங்க வேண்டியவங்க வரல. மார்ச்சுல திருப்பி அனுப்பிட்டாங்க. மேல அதுக்கு மிச்சம்னு பேரு. செலவே இல்லாத திட்டத்துக்கு எதுக்கு அவ்ளோ பணம்னு இந்த வருசம் பட்ஜெட்டுல குறைச்சுட்டாங்க. எங்க சம்பளமும் அந்தத் திட்டத்துலதான்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நான் சாப்பிடாத சோத்த மிச்சம்னு சொல்லிட்டு, மறுநாள் உலையில அரிசிய குறைச்சா அது நியாயமா?" என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து செல்வி: "நான் அப்படித்தான் செய்வேன்."

பவானி சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போன வருசம் நீங்களும் போடலல்லப்பா?"

மோட்டார் ஓடுகிறதா பார்க்கப் போனேன். கரண்டே இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

தூறல். நாற்றங்காலுக்குப் போதாது, சட்டையை நனைக்கப் போதும்.

டீக்கடையில் ஒவ்வொருத்தராக விசாரித்தேன். ராமையன் குத்தகைக்கு உழுகிறவர், நிலக்காரர் பிரான்சில். "போன் போட்டா அங்க பனி பெய்யுதுங்கறாரு. காயிதத்துல கையெழுத்து கேட்டா கட் ஆயிடுது." சேகர் நிலத்துப் பட்டா இன்னும் செத்துப்போன அவர் அப்பா பேரில். இன்னொருத்தர் மூன்று தடவை போய், மூன்று தடவையும் வேறு வேறு சான்று கேட்டு, வெறுத்து விட்டுவிட்டார்.

எரிகிறது. எவனும் எங்களுக்குக் கொடுத்து ஏமாறவில்லை. கொடுக்காமலே கணக்கு முடித்துவிட்டான். எங்கள் தெருவே சேர்ந்து அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு சால்வையாவது போர்த்தியிருக்கலாம்.

புதன்கிழமை குறைதீர் கூட்டம். என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள். விவரத்துக்காக இல்லை, தொண்டைக்காக.

செப்டம்பர் 24, புதன்

வெள்ளைச் சட்டை. மனப்பாடம் செய்தது மைக்கைப் பார்த்ததும் போச்சு. பத்தாம் வகுப்பைப் பத்து மாதம் கூடுதலாகப் படித்தவன், வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

ஆனாலும் கேட்டேன். "எங்களுக்கு வராத பணத்த மிச்சம்னு எழுதினது யாரு? அந்த மிச்சத்த காட்டி இந்த வருசமும் குறைச்சா, அடுத்த வருசம் இன்னும் மிச்சம். அப்புறம் திட்டமே மிச்சம். அதுதான உங்க சீர்திருத்தம்?"

கைதட்டல். நெஞ்சு நிமிர்ந்தது.

அதிகாரி கோபப்படவே இல்லை. அதுதான் ஆத்திரம். "விண்ணப்பமே வரலைன்னா நாங்க எப்படி மேல பணம் கேக்கறதுங்க? நெறைய வரட்டும், கூடுதலா கேக்கறோம்." அப்புறம் மெதுவாக, "நீங்க போன வருசம் போட்டீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

பத்திரிகை விஷயத்தை மைக்கில் சொல்லவா முடியும்? நான் முழிப்பதைப் பார்த்து மண்டபமே சிரித்தது. கதவோரம் வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த பவானி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வரும் வரை அந்த ஆளைத் திட்டினேன். வீடு வந்ததும் என்னை. இருபக்கமும் நியாயம் இருந்தால் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

செப்டம்பர் 27, சனி

அண்ணன் வீடு. ரெண்டே தெரு, வருஷக் கணக்கில் தூரம்.

அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்து, "ஏங்க, வானம் இடிஞ்சு விழப்போவுது, வெளில வந்து பாருங்க" என்றாள்.

அண்ணன் நாற்காலியை விட்டு அசையவில்லை. "என்னடா, பத்திரிகை வெக்க வந்தியா?"

"கையெழுத்து வாங்க வந்தேன்."

"எம் பேரு மேலயா கீழயா?"

"எங்க வேணும்னாலும் போடுங்கண்ணே. பவானிக்கு வேல போவுது."

முகம் மாறியது. எல்லாம் கேட்டார், கையெழுத்துப் போட்டார். "நீங்க போன வருசம் விண்ணப்பம் போட்டீங்களா?" என்றேன்.

"உன் கையெழுத்து இல்லாம எப்படிடா போடறது?"

ஒரே பட்டாவில் ரெண்டு முட்டாள்கள். அண்ணி காபி கொண்டுவந்தாள். சர்க்கரை தூக்கல். குடித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பவானிக்குக் கடைசி நாள். தண்ணீர் பாட்டிலையும், நாற்காலியில் போட்டுக்கொள்ளும் சின்னத் தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நல்லா வேலை பார்த்தாய் என்றார்களாம்.

முகத்தைக் கழுவினாள். கூடத்தில் உட்கார்ந்தாள். தெருக்காரர்கள் ஒவ்வொருத்தராக வர, விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். சேகருக்கு வாரிசுச் சான்று எங்கே வாங்குவது என்று சொல்லிக் கொடுத்தாள். ராமையனுக்காக பிரான்சுக்கே போன் போட்டு நிலக்காரரை மிரட்டினாள். அவர் எழுதி அனுப்புகிறாராம். என் தொண்டை யாரிடமிருந்து வந்தது என்று செல்வி கேட்பதுண்டு. இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

நாளை மறுநாள் காந்தி ஜெயந்தி. ஆபீஸ் கிடையாது. அவளுக்கு இனி எந்த நாளும்.

அக்டோபர் 6, திங்கள்

நல்ல மழை. விண்ணப்பக் கட்டைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் அண்ணன் என் பின்னால். எங்கள் ஊர் போலகத்திலிருந்து காரைக்கால் வரை "மெதுவா போடா" தவிர வேறு பேச்சு இல்லை.

ஆபீசில் எங்களை அறியாத ஓர் ஆள். கட்டைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்தார். "இவ்ளோவையும் யாருங்க ஏத்தறது? ஆளில்ல. பவானின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு, மடமடன்னு ஏத்திடும். போன வாரம்தான் அனுப்பிட்டாங்க."

"ஏன் அனுப்பினாங்க?" என்றேன்.

"விண்ணப்பமே வரலையாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மேஜையில் ஓங்கி அறைந்தார். "அது எங்க வீட்டுப் பொண்ணுய்யா!"

அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். பிறகு கூசாமல் கேட்டார்: "அப்படின்னா ஒரு வாரம் சும்மா வந்து ஏத்திக் குடுக்கச் சொல்லுங்களேன்?"

"சம்பளம்?"

மின்விசிறியைப் பார்த்தார். அந்த ஆபீசில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் போல.

எனக்குக் கத்த வரவில்லை. முதல் தடவை. "ஏத்தறது உங்க பாடு. ஒவ்வொண்ணுக்கும் சீல் குத்தி ரசீது குடுங்க" என்றேன். "இந்த வருசம் யாரும் வரலைன்னு எவனும் எழுதக் கூடாது." துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்தேன். அண்ணனும் உட்கார்ந்தார், முட்டி சடசடக்க.

பாதிக்கு ரசீது எழுதுவதற்குள் ஆபீஸ் மூடும் நேரம். நாளைக்கும் போகிறோம்.

திரும்பி வந்ததும் அண்ணன் எங்கள் வீட்டுக்குள் வந்து பவானியின் நாற்காலித் தலையணையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆபீஸ் தரை குத்துகிறதாம்.