ஒன்பது வரித் தாள்

சமயநல்லூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு உங்க பாண்டீஸ்வரி எழுதுறது.

நான் சுகமா இருக்கேன். போன வாரமே இந்த வரியை எழுத ஆளில்லாமப் போயிருக்கும், அழகர் புண்ணியத்துல எழுதுறேன். பதறாதீங்க. போன்ல சொன்னா நீங்க கத்துவீங்க, நான் அழுவேன். அதான் சோலை அண்ணன் ஞாயித்துக்கிழமை கத்தாருக்குத் திரும்புறப்ப அவரு கையில கொடுத்துவிடுறேன்.

அவருகிட்ட நீங்க அனுப்புன லைட்டுப் பெட்டி வந்துச்சு. அங்க இருந்தே போன்ல நம்ம வீட்டு லைட்டைப் போடலாமாமே. நம்ம பிள்ளை சுபலட்சுமி படிக்கக் கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து நான் ஒத்தையில இருக்கேன், அது ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு வாங்கியிருக்கீங்க. நல்ல யோசனைதான்.

கூடவே ஒரு தாள். நம்பர் போட்டு ஒன்பது வரி. எந்த வயர் எங்க, ஸ்குரூவை எம்புட்டு முறுக்கணும், அம்புட்டும் எழுதியிருந்தீங்க. திருப்பித் திருப்பிப் பாத்தேன், சாப்பிட்டியான்னு ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வயர் இழுத்தப்ப ஏணி பிடிச்சவதானே, செஞ்சிருவான்னு நினைச்சிருப்பீங்க. எனக்கும் வீம்பு. எலக்ட்ரீசியன் மொக்கைச்சாமி அண்ணனைக் கூப்பிடாம நானே இறங்கிட்டேன்.

முதல் வரி, மெயினை ஆஃப் பண்ணு. பண்ணிட்டேன். ரெண்டாவது, ஹால் சுவிட்ச் போர்டைக் கழட்டி வயரைப் பிரி. கழட்டிட்டேன். பகல்தானே, லைட்டு ஃபேன் எதுவும் ஓடல. கை வயர் கிட்ட போயிருச்சு. கல்யாணமான புதுசுல நீங்க தலையில கொட்டிச் சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, டெஸ்டர் வைக்காம எந்த வயரையும் தொடாதேன்னு. வச்சேன். எரிஞ்சது மாமா. மெயின் ஆஃப்ல இருக்கு, டெஸ்டர் எரியுது!

இன்வெர்ட்டர். மாடிப்படிக்கு அடியில இருக்குல்ல, அது. மெயினை அணைச்சதும் கரண்ட் போயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு அது பேட்டரியிலேருந்து ஹாலுக்குக் கரண்ட் விட்டுக்கிட்டிருக்கு. நாலு வருசத்துக்கு முன்னாடி லீவுல வந்தப்ப, பிள்ளை புழுக்கத்துல படிக்குதேன்னு நீங்களே மாட்டுனது. அம்பது மாடிக் கட்டடத்துக்கு வயரிங் பாக்குற ஆளு, சொந்த வீட்டுல மாட்டுனதை மறந்துட்டீங்க. கரண்ட் அடிச்சிருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது. அங்கனயே தரையில உக்காந்து அழுதேன்.

பெறகு மொக்கைச்சாமி அண்ணன் வந்தாரு. மெயினை அணைச்சு, இன்வெர்ட்டரையும் அணைச்சு, அதுலேருந்து வர்ற வயரையும் பிரிச்சு ஒதுக்கி வச்சாரு. மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் கையில கொடுத்தாரு. டெஸ்டர் உயிரோட இருக்கான்னு பக்கத்து வீட்டு பிளக்குல வச்சுப் பாத்துட்டு வந்து, ஒவ்வொரு வயரா வச்சு, எதுலயும் எரியலன்னு தெரிஞ்சப்புறந்தான் கையை வச்சாரு. எனக்கு நல்லா ரெண்டு திட்டு. ஏந் தங்கச்சி, கரண்டுகிட்ட போயா வீம்பு காட்டுறதுன்னாரு.

நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல ஹால் லைட்டு தானா எரிஞ்சது. நீங்கதான் போட்டீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் வாசலுக்கு ஓடுனேன். கூறுகெட்ட கழுதை, யாரு வந்து நிப்பாகன்னு ஓடுனேனோ! கொஞ்ச நேரம் தெருவையே பாத்துட்டு வந்து ரசத்தை இறக்கி வச்சேன். பெறகு நீங்க போன் போட்டு லைட்டு எரியுதான்னு கேட்டீங்க. எரியுதுன்னேன். வச்சிட்டீங்க.

வாசல் லைட்டை மட்டும் பெட்டியில சேக்க வேணாம்னுட்டேன். அதை ஆளு நின்னு தட்டுனாத்தான் எரியும்.

அங்க உயரத்துல வேலை பாக்குறீங்க, சூதானமா இருங்க. டெஸ்டர் வைக்காம எதையும் தொடாதீங்க. அழகர் உங்களுக்குத் துணையா இருக்கட்டும்.

உங்க தாளை இதோட திருப்பி அனுப்புறேன், அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. முதல் வரிக்கு மேல இடம் இருந்துச்சு, நானே எழுதிட்டேன். மெயினை அணைக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு வாங்க.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி